சுழலும் புவியும் ஓதத்தின் ஆற்றலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவை ஒரு கணக்கோடு தொடங்குவது பொருந்தும். இவ்வட்டம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை புவி தன்னைத்தானே எத்தனை முறை சுற்றியிருக்கும்? விடியலை எண்ணுவோர் ஏறத்தாழ 3,652 முறை என்பர். விண்மீனைக் குறியாகக் கொண்டு எண்ணுவோர் ஏறத்தாழ 3,662 முறை என்பர். பின்னவர் சொல்வதே புவியின் உண்மையான சுழற்சி எண்ணிக்கை. புவி ஆண்டுக்கு ஒருமுறை சூரியனை வலம்வருவதால், ஆண்டுதோறும் ஒரு சுழற்சி விடியலின் கணக்கில் சேராமல் மறைந்துபோகிறது.

இவ்வேறுபாட்டை கி.பி. 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபடர் கணக்கிட்டிருந்தார். 43,20,000 ஆண்டுகள் கொண்ட யுகம் ஒன்றில் புவி 158,22,37,500 முறை சுழல்கிறது என்பது அவர் தந்த எண். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 366-க்குச் சற்று மேல் வரும். படகில் செல்வோனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கி ஓடுவதுபோல், சுழலும் புவியில் இருப்போருக்கு அசையா விண்மீன்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுகிறது என்று அவர் விளக்கினார். அந்தப் படகு இவ்வுரையில் மீண்டும் வரும்.

காஞ்சி மாநகர் இச்சுழற்சியால் மணிக்கு ஏறத்தாழ 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி விரைந்துகொண்டிருக்கிறது. கோபுரங்களும் தறிகளும் இம்மன்றமும் அவ்வேகத்திலேயே செல்கின்றன. மிதிவண்டியின் சக்கரத்தில் சிறு மின்னாக்கியை உராயவிட்டு விளக்கெரிப்பதுபோல், இப்பெருஞ்சக்கரத்திலும் ஒன்றைப் பொருத்தி மின்சாரம் பெற முடியுமா? அதுவே இவ்வுரையின் வினா. புவியின் சுழற்சியைக் கூலி கேளாத உழைப்பென்றும் என்றும் குறையாத கொடையென்றும் பாடுவது கவிதையில் பழகிவிட்டது. அப்பாட்டு எவ்வளவு மெய் என்று பார்ப்பதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

தேரும் முட்டுக்கட்டையும்

இருப்பின் அளவில் ஐயமே இல்லை. சுழற்சியால் புவியிடம் உள்ள ஆற்றல், உலகம் முழுவதும் இன்று ஓராண்டில் செலவிடும் எல்லா வகை ஆற்றலையும் போல ஏறத்தாழ 35 கோடி மடங்கு. நிலக்கரி, எண்ணெய், எரிவளி, அணு, நீர், காற்று அனைத்தும் அக்கணக்கில் அடங்கும். களஞ்சியம் நிறைந்திருக்கிறது. அதைத் திறக்கும் வழிதான் கேள்வி.

வைகாசிப் பெருவிழாவின் ஏழாம் நாளில் வரதராசப் பெருமாளின் தேர் வீதியுலா வருவதைக் காஞ்சி மக்கள் அறிவர். ஓடும் தேரின் வேகத்தை அடக்குவோர் யார்? தேரின் மேல் அமர்ந்திருப்போர் அல்லர். அவர்கள் தேர்க்காலையோ தூணையோ எவ்வளவு இறுகப் பற்றினாலும் தேர் நில்லாது. அவர்களும் தேரோடு சேர்ந்தே செல்கின்றனர். முட்டுக்கட்டை போடுவோரே தேரை அடக்குகின்றனர். அக்கட்டையின் ஒரு முகம் உருளும் சக்கரத்திலும் மறுமுகம் அசையாத தெருவிலும் ஊன்றி நிற்கிறது. சக்கரம் கட்டையோடு உராயும்போது சூடு பிறக்கிறது. தேரின் இயக்க ஆற்றலே அவ்வாறு வெப்பமாக வெளிப்படுகிறது.

மிதிவண்டி விளக்கும் இம்முறையிலேயே எரிகிறது. சக்கரம் சுழல்கிறது, மின்னாக்கியைத் தாங்கும் சட்டம் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையிலிருந்தே மின்சாரம் பிறக்கிறது. மின்னாக்கியைச் சக்கரத்தின் கம்பிகளிலேயே கட்டிவிட்டால் அதுவும் சேர்ந்து சுற்றும்; விளக்கு எரியாது. ஆகவே சுழற்சி மட்டும் ஆற்றலைத் தருவதில்லை. சுழல்வதற்கும் அதனோடு சேர்ந்து சுழலாததற்கும் இடையில் நிற்கும் ஒன்றே ஆற்றலைப் பெறுகிறது.

காஞ்சியின் உலகளந்த பெருமாள் கோயிலில் ஓரடியை ஊன்றி மற்றோரடியை விண்ணோக்கி உயர்த்தி நிற்கும் திருக்கோலத்தை அனைவரும் கண்டிருப்பர். புவியின் சுழற்சியிலிருந்து ஆற்றல் பெற விழையும் கருவிக்கும் அந்நிலை வேண்டும். ஓரடி மண்ணில் இருக்க வேண்டும். மற்றோரடி மண்ணோடு சுழலாத ஒன்றில் இருக்க வேண்டும். மாந்தர் செய்யும் கருவிகளோ இரண்டடியையும் மண்ணிலேயே ஊன்றுகின்றன. ஆரியபடரின் படகிலிருந்து கரையைக் காணலாம். எட்டித் தொட முடியாது.

ஒரு மாற்றுவழி தோன்றக்கூடும். விரைந்து சுழலும் பம்பரத்தின் அச்சு, தடையின்றி விடப்பட்டால், ஒரே விண்மீனை நோக்கியவாறு நிற்கும். புவி அதன்கீழ்த் திரும்பும். அப்பம்பரத்தையே அசையாத மறு ஊன்றுகோலாகக் கொள்ளலாகாதோ? இதனை எண்ணிப் பார்த்தோர் உண்டு. ஆனால் பம்பரத்தின் மேல் சுமையை ஏற்றியவுடன் அதன் அச்சு சாயத் தொடங்குகிறது. சாய்ந்து சாய்ந்து இறுதியில் புவியின் அச்சுக்கு இணையாக வந்து நிற்கிறது. அதன்பின் இரண்டுக்கும் இடையே வேற்றுமை இல்லை, ஆற்றலும் இல்லை. கப்பல்களில் உண்மை வடக்கைக் காட்டும் சுழல் திசைகாட்டி இப்பண்பினாலேயே இயங்குகிறது. திசை காட்டுவதற்குப் போதுமான அக்கருவி விளக்கேற்றப் போதாது.

முப்பந்தல் பகுதியின் காற்றாலைகளைச் சிலர் சான்று காட்டுவதுண்டு. காற்று வீசுவதற்குக் காரணம் சூரிய வெப்பம். புவியின் சுழற்சி காற்றின் திசையை வளைக்கிறது. அதற்கு ஆற்றலை ஊட்டுவதில்லை. கடலலைகளும் பெரும்பாலும் காற்றின் பிள்ளைகளே. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சென்னை ஐ.ஐ.டி. அமைத்து 1991-இல் இயங்கத் தொடங்கிய 150 கிலோவாட் அலைமின் நிலையமும் சூரியனின் கணக்கில் சேர்வதேயன்றிச் சுழற்சியின் கணக்கில் சேராது.

நிலவு இடும் தடை

புவியோடு சேர்ந்து சுழலாததும், புவியைத் தன் ஈர்ப்பால் பற்றியிருப்பதுமான பொருள் ஒன்று உண்டு. அது நிலவு.

நிலவின் ஈர்ப்பால் அதனை நோக்கிய பக்கத்திலும் நேர் எதிர்ப்பக்கத்திலும் கடல்நீர் சற்றே புடைக்கிறது. அப்புடைப்புகளின் ஊடே புவி சுழல்கிறது. அதனால் பெரும்பாலான கரைகளில் 24 மணி 50 நிமிடங்களுக்குள் கடல் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. இதுவே ஓதம். நிலவு ஒரு மாதத்தில் செல்லும் சுற்றைப் புவி ஒரு நாளில் சுழன்றுவிடுவதால், புடைப்பு நிலவுக்கு நேரே நில்லாமல் சற்று முன்னே இழுத்துச் செல்லப்படுகிறது. முன்சென்ற புடைப்பை நிலவு பின்னோக்கி இழுக்கிறது. தேர்ச்சக்கரத்தின் கீழ் வைத்த கட்டைபோல் அவ்விழுப்பு புவியின் சுழற்சியைத் தடுக்கிறது. ஆழமற்ற கடல்களிலும் கடலடி மலைத்தொடர்களின் மேலும் நீர் உராய்ந்து சூடாகிறது. ஓதத்தின் வழியே புவியின் சுழற்சியாற்றல் இடைவிடாது கசிகிறது. கசியும் அளவு ஏறத்தாழ 37 இலட்சம் மெகாவாட். உலகின் இன்றைய மொத்த மின் பயன்பாட்டின் சராசரிக்கு அது ஏறக்குறைய ஈடானது.

ஓதம் புவியின் சுழற்சியை மெலிவிக்கும் என்று 1754-இல் செருமானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட் எழுதினார். சார்லசு டார்வினின் மகனாகிய சார்ச்சு டார்வின் 1879-ஆம் ஆண்டையொட்டி அதனைக் கணிதத்தால் விரித்துரைத்தார். அவரது ஓத ஆய்வுகளுக்கு இந்தியத் துறைமுகங்களில் பதிவான ஓத அளவுகளும் பயன்பட்டன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

சான்றுகள் வேறு இடங்களிலிருந்தும் வந்தன. கி.மு. 136-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பாபிலோனில் முழுச் சூரிய மறைப்பு தெரிந்ததாகக் களிமண் பலகை சொல்கிறது. புவி அன்றும் இன்றைய வேகத்திலேயே சுழன்றது என்று கொண்டு கணக்கிட்டால், அம்மறைப்பு பாபிலோனில் விழாமல் மேற்கு மத்தியதரைக் கடற்பகுதியில் விழுந்திருக்க வேண்டும். பலகை பொய்யன்று, புவிதான் வேகம் குறைந்திருக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளில் புவியென்னும் கடிகாரம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பின்தங்கியுள்ளது. சங்கப் புலவர்கள் கண்ட பகல் இன்றைய பகலைவிட மிக நுண்ணிய அளவில் குறுகியது என்பதே இதன் பொருள். பவழங்களின் நாள்வரிகளை எண்ணிய சான் வெல்சு, ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓராண்டில் 400 நாட்கள் இருந்தன என்று 1963-இல் காட்டினார். அன்றைய நாள் ஏறக்குறைய 22 மணி நேரமே.

புவி இழப்பதில் ஒரு சிறுபங்கை நிலவு பெறுகிறது. அதனால் அது ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் அளவு விலகிச் செல்கிறது. 1969 முதல் நிலவில் வைக்கப்பெற்ற எதிரொளிப்பான்களின் மேல் லேசர்க் கதிர் செலுத்தி இதனை அளந்துள்ளனர். நிலவின் கதையோ முன்பே முடிந்தது. புவியின் ஈர்ப்பு அதன் தனிச்சுழற்சியைத் தேய்த்துவிட்டதால் அது ஒரே முகத்தைக் காட்டி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கவிஞர்கள் கண்ட முயற்கறை இடம்மாறாதிருப்பதன் காரணம், சுழற்சியாற்றலை முன்னமே கொடுத்துத் தீர்த்த கோள் அது என்பதே.

சொல்லில் உறையும் அறிவு

தமிழ் இச்செய்தியைத் தொடங்குவதற்கு வேண்டிய சொற்களை முன்பே பெற்றுள்ளது. அலை வேறு, ஓதம் வேறு என்ற பிரிவு மொழியிலேயே இருக்கிறது. உவா என்னும் சொல்லோ முழுநிலவு நாளையும் மறைநிலவு நாளையும் ஒருசேரக் குறிக்கும். ஒளியை மட்டும் கருதினால் இவ்விரு நாட்களும் எதிரெதிரானவை. ஒரு சொல்லால் குறிக்க வேண்டிய தேவையில்லை. கடலைக் கருதினால் இரண்டும் ஒன்றே. இவ்விரு நாட்களிலும் சூரியனும் நிலவும் புவியும் ஒரே நேர்கோட்டையொட்டி நிற்பதால் ஓதம் மிகுகிறது. அச்சொல் கடற்கரையில்தான் பிறந்தது என்று சாதிக்க இஃது இடமன்று. எனினும் இன்றைய அறிவியலுக்கு அது பொருந்திவருவது மகிழத்தக்கது.

கடலுக்குத் தொலைவிலுள்ள காஞ்சிக்கும் கடலோடு ஒரு பெயர்த்தொடர்பு உண்டு. இந்நகரிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்து, தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்டு, திரையால் கரைசேர்க்கப்பட்டவன் என்பது அவன் பெயருக்கு நச்சினார்க்கினியர் உரை தரும் கதை. திரை கொணர்ந்ததைப் பெற்று ஓர் அரசே எழுந்ததாக நம்பிய நகரம் இது. அதே கடல் கொணரும் ஆற்றலைப் பற்றி இந்நகரில் பேசுவது புறம்பானது அன்று.

ஓத மின்: கண்டதும் கைவிட்டதும்

முகத்துவாரத்தின் குறுக்கே அணை கட்டி, ஓதம் ஏறும்போது நீரை உள்ளே விட்டு மடைகளை அடைத்து, வெளியே கடல் வற்றியபின் அந்நீரைச் சுழலிகளின் வழியே இறக்கினால் மின்சாரம் கிடைக்கும். வெளிநோக்கில் இஃது ஆற்றணை மின்சாரம் போன்றதே. ஆனால் ஆற்று நீரை மலைக்கு ஏற்றியது சூரியன். இந்நீரை ஏற்றி இறக்கியது நிலவின் இழுப்பும் புவியின் சுழற்சியும். இதில் சூரியனின் ஈர்ப்புக்கும் சிறுபங்கு உண்டு. பிரான்சின் ரான்சு ஆற்று முகத்துவாரத்தில் 1966-இல் இவ்வாறு 240 மெகாவாட் நிலையம் திறக்கப்பெற்றது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் ஓர் அலகு 220 மெகாவாட் என்பதை ஒப்பிட்டு அதன் அளவை உணரலாம். தென்கொரியாவின் சிவாவில் 2011-இல் 254 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை, முடியும் என்பதே. முடிந்தும் இருக்கிறது.

எங்கு முடியும் என்பது அடுத்த வினா. தேங்கும் நீரில் கிடைக்கும் ஆற்றல், ஓத உயரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. உயரம் ஏழு மடங்கானால் அதே பரப்புள்ள தேக்கத்தின் ஆற்றல் நாற்பத்தொன்பது மடங்காகும். குசராத்தின் காம்பாத்து வளைகுடாவில் சராசரி ஓத உயரம் ஏறத்தாழ 6.8 மீட்டர், கட்சு வளைகுடாவில் ஏறத்தாழ 5.2 மீட்டர்; வங்கத்தின் சுந்தரவனத்தில் ஏறத்தாழ 3 மீட்டர். தமிழகக் கடற்கரையிலோ அது பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவினதே. கடலைப் பாடுவதில் குறையில்லாத தமிழ்நிலம், ஓத மின்சாரத்தில் வறிய நிலம். இதனை ஒளிக்காமல் சொல்வதே முறை.

இந்தியக் கடற்கரை முழுமைக்கும் 12,455 மெகாவாட் ஓத மின்சாரத்திற்கு வாய்ப்புண்டு என்று சென்னை ஐ.ஐ.டி.யும் கிரிசில் நிறுவனமும் 2014-இல் மதிப்பிட்டன. ஆனால் அம்மதிப்பீடு நிலையமாக எழவில்லை. சுந்தரவனத்தின் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் நிலையம் திட்டமிடப்பெற்றது, மெகாவாட்டுக்கு 63.50 கோடி ரூபாய் செலவாகும் என்று கணக்கு வந்தது. கட்சு வளைகுடாவில் 50 மெகாவாட் திட்டம் 2011-இல் எண்ணப்பெற்றது. அதற்கு மெகாவாட்டுக்கு 15 கோடி. மிகுசெலவைக் காட்டி இரண்டும் கைவிடப்பெற்றன. சூரிய மின்நிலையத்துக்கு மெகாவாட்டுக்கு ஐந்து கோடி ரூபாயையொட்டியே செலவாகும் காலத்தில் அம்முடிவு வியப்பன்று. எனினும் தீவுகளின் ஊர்களுக்கு விளக்கேற்றுவதற்காக எண்ணப்பெற்ற திட்டம் அது. நாள்தோறும் இருமுறை வாசலில் வந்து ஏறி இறங்கிய ஆற்றல் விளக்காக மாறவில்லை. கடல் நீரை விலையின்றிக் கொணர்ந்தது. அணையும் மடையும் உப்புநீரில் அரிக்காத சுழலியும் விலையின்றி வரவில்லை.

பணமல்லாத விலையும் உண்டு. ரான்சு அணையைக் கட்டியபோது முகத்துவாரம் கடலிலிருந்து சில ஆண்டுகள் துண்டிக்கப்பட்டது. உப்புநீரை நம்பிய உயிர்கள் மடிந்தன. மீண்டும் ஒரு சமநிலை உருவாக ஏறத்தாழ பத்தாண்டு ஆயிற்று. சிவாவிலோ கதை மாறாக அமைந்தது. முன்பே சுவரிட்டு அடைத்ததால் கெட்டுப்போன ஏரிக்குள் ஓதத்தை மீண்டும் விட்டதால் நீர் தெளிந்தது. ஒரே ஆற்றல் ஓரிடத்தில் ஊறு செய்தது, மற்றோரிடத்தில் மருந்தாயிற்று. இடமறிந்து செய்தல் என்பது இதுவே.

புவியை விட்டு நீங்குவது

புவிக்கு வெளியே நிற்கும் நிலவைப் பற்றுவது ஒரு வழி. புவியை விட்டு நீங்கிச் செல்வது மற்றொரு வழி. காஞ்சிக்கு வடக்கே கடற்கரையிலுள்ள சிரீஅரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவப்பெறும் ஏவுகணை, புறப்படும் முன்பே நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தைப் புவியிடமிருந்து பெற்றுள்ளது. அவ்வேகத்துக்கு எரிபொருள் செலவிட வேண்டியதில்லை. தென்தமிழகத்தின் குலசேகரன்பட்டினத்தில் 2024-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஏவுதளத்தின் பயன் வேறு. அங்கிருந்து தெற்கு நோக்கி நேரே ஏவலாம் என்பதே அதன் சிறப்பு. தெற்கே செல்வதற்குக் கிழக்குநோக்கிய சுழற்சி உதவாது. இங்கும் அதே விதிதான் செல்லும். தேரின் மேல் இருக்கும்வரை தேரின் வேகத்தால் பயனில்லை. தேரோடும் திசையில் தாவி இறங்குவோனுக்கே அவ்வேகம் கைவருகிறது.

விலை

எடுக்க எடுக்கக் குறையாதது என்று பாடலாமா? உலகின் இன்றைய ஆற்றல் தேவை முழுவதையும், ஏறத்தாழ இரண்டு கோடி மெகாவாட் அளவை, புவியின் சுழற்சியிலிருந்தே எடுப்பதாகக் கற்பனை செய்வோம். அவ்வாறு எடுத்தால் ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 13 மில்லி நொடி வளரும். ஒரு மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயற்கையான ஓதத்தடையால் வளர்வதோ நூற்றாண்டுக்கு இரண்டு மில்லி நொடிக்குச் சற்று மேல். புவியின் உள்ளகத்தில் நிகழும் மாற்றங்களால் இடையிடையே நாள் சற்றுச் சுருங்குவதும் உண்டு. நீண்டகாலப் போக்கோ மெலிவதே. இழப்பு மிகச் சிறியது. ஒருவருடைய வாழ்நாளில் உணர இயலாதது. ஆனால் இழப்பே இல்லை என்பது பொய்.

அறிவியல் கவிதையைத் திருத்துவதாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுதுகள் ஆறும் புவியின் சுழற்சி தந்தவை. வைகறையும் எற்பாடும் யாமமும் அச்சுழற்சியின் கூறுகளே. தமிழ்க் கவிதை அதிலிருந்து விளக்கெரிக்கும் ஆற்றலைப் பெறவில்லை, பொழுதைப் பெற்றது. ஓத மின்நிலையம் ஒவ்வொன்றும் தான் எரிக்கும் விளக்குக்கு ஈடாக அந்தப் பொழுதின் ஓர் அணுவளவை மாற்றுகிறது. எரியும் விளக்கொன்றைக் காண்போர் எரிபொருளை எண்ணுவர். ரான்சு நிலையத்தின் விளக்கைக் காண்போர், புவி அன்று மாலை எய்துவதற்குக் கணக்கிடவும் அரிதான ஒரு நுண்பொழுது தாழ்ந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

கூலி கேளாத உழைப்பாளி என்று புவியைப் பாடியவர் இனி அவ்வரியை அடித்துவிடலாம். கூலி கொடுக்கப்படுகிறது. கொடுப்பது மாந்தர் அல்லர். புவியே தன் வேகத்திலிருந்து கொடுக்கிறது. கொடுப்பது எவ்வளவு சிறிதாயினும், அதைப் பெறுவோர் பெறுகிறோம் என்று அறிந்து பெறுதல் வேண்டும். அவ்வறிவைத் தமிழில் சொல்வதற்கு ஓதம், உவா, முட்டுக்கட்டை ஆகிய சொற்கள் முன்னமே காத்திருக்கின்றன. இவ்வட்டத்தின் கவிஞர்கள் அவற்றை எடுத்தாள்வார்களாயின், அடுத்த பத்தாண்டின் 3,662 சுழற்சிகளும் பயனுடையவாகும்.